குளிர்பெட்டியைத் திறந்து காட்டிய மருத்துவமனை: பழைய வண்ணாரப்பேட்டையில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி

சென்ற ஆகஸ்ட் மாதம் என் மகளுக்குச் செவிலியர் பட்டப்படிப்பில் இடம் கிடைத்தது. கல்லூரியில் கொடுத்த தாள்களில் ஒன்று, கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைட்டிஸ் பி-க்கான தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுக்கொண்டதற்கான பதிவையும், அதன் பிறகு எடுத்த எதிர்ப்பாற்றல் பரிசோதனையின் முடிவையும் கேட்டது. பீரோவின் மேல்தட்டில், பழைய குடும்ப அட்டையோடு ஒரே பாலிதீன் உறைக்குள் கிடந்த அவளுடைய தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்தோம். 2008 ஜூலையில், அவள் பிறந்த மறுநாள், ஹெபடைட்டிஸ் பி என்ற வரிக்கு நேரே ஒரு தேதியும் கையெழுத்தும் இருந்தன. அடுத்த இரண்டு கட்டங்களும் வெறுமையாக இருந்தன. அந்த ஆண்டுதான் நாங்கள் கொருக்குப்பேட்டையிலிருந்து பழைய வண்ணாரப்பேட்டைக்கு வீடு மாறினோம். போலியோ சொட்டு மருந்துக்கும் முத்தடுப்பூசிக்கும் நாள் தவறாமல் தூக்கிக்கொண்டு ஓடிய எங்களுக்கு, இந்த இரண்டு கட்டங்கள் விடுபட்டுப் போனது 17 ஆண்டுகளாகத் தெரியவில்லை.

அந்த இரண்டு கட்டங்களை நிரப்புவதற்காகவும், பிறகு எனக்காகவும், செப்டம்பரில் பிறந்த என் தங்கையின் குழந்தைக்காகவும் ஆகஸ்டிலிருந்து இன்றுவரை மூன்று இடங்களுக்குப் போய்வந்தேன். அவற்றில் ஒன்றைத் தவிர்க்க வேண்டும் என்றும், மற்ற இரண்டையும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்றும் எனக்குத் தோன்றுவதால் இதை எழுதுகிறேன். தவிர்க்க வேண்டிய இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. நல்ல இடத்தை நடத்தும் மருத்துவரோ, தன் பெயரைப் போட்டால் கூட்டம் தாங்காது என்று கேட்டுக்கொண்டார். ஆகவே பெயரை விட, ஓர் இடத்தை எப்படிப் பார்த்து அறிவது என்பதற்குத்தான் இந்த விமர்சனம் பயன்படும்.

என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். காசிமேட்டில் மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் குளிர்பதனக் கிடங்கில் 22 ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். காலையிலும் மாலையிலும் வெப்பமானியைப் பார்த்துப் பதிவேட்டில் குறித்துக் கையெழுத்து வாங்குவது என் வேலைகளில் ஒன்று. எங்கள் கிடங்கில் மைனஸ் 18 டிகிரிக்கு மேலே ஏறினால்தான் கவலை, கீழே எவ்வளவு இறங்கினாலும் யாரும் பதறுவதில்லை. இறாலுக்கும் கணவாய்க்கும் பொருந்தும் இந்த நியாயம் தடுப்பூசிக்குப் பொருந்தாது என்பதை இந்த அலைச்சலில்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் போனது, நெடுஞ்சாலையைப் பார்த்தபடி கண்ணாடிக் கதவும் குளிரூட்டிய வரவேற்பறையும் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனை. மகளின் அட்டையைப் பார்த்த இளைஞர், பழைய ஊசி கணக்கில் வராது, மூன்றையும் முதலிலிருந்து போட வேண்டும் என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அதையாவது ஒரு கருத்து என்று விட்டிருப்பேன். ஊசியை எடுக்க உள்ளே போன உதவியாளர் திறந்தது, அறையின் மூலையில் இருந்த சிறிய குளிர்சாதனப் பெட்டியின் மேல் அறை. அதாவது ஐஸ் உறையும் அறை. மருந்துக் குப்பியின் அட்டைப்பெட்டியில் வெள்ளைப் பூவாக ஐஸ் படிந்திருந்தது. அதே அறையில் ஒரு குளிர்பானப் புட்டியும் இருந்தது. உறைந்ததைப் போலத் தெரிகிறதே என்று கேட்டேன். “ஐஸ்ல வச்சாதான் சார் மருந்து கெடாம இருக்கும்” என்று அந்தத் தம்பி சிரித்தார். எங்கள் கிடங்கில் புதிதாகச் சேரும் பையனும் இதே பதிலைத்தான் சொல்வான் என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனாலும் மகளைக் கூட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். பதிவுக் கட்டணம் 300 ரூபாய் திரும்பக் கிடைக்கவில்லை.

அன்று எழுந்து வந்தது சரிதான் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும்; ஒருமுறை உறைந்துவிட்டால், மீண்டும் இளகி நல்ல மருந்தைப் போலவே தோன்றினாலும் அதைக் குப்பையில்தான் போட வேண்டும். இந்த மருந்தில் வைரஸ் இல்லை; வைரசின் மேலுறைப் புரதம் மட்டும், ஈஸ்ட் நுண்ணுயிரில் வளர்த்து எடுக்கப்பட்டு, அலுமினிய உப்பின் நுண்துகள்களோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. உறையும்போது அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று கட்டிக்கொள்கின்றன. மருந்தின் வீரியம் போய்விடுகிறது. சந்தேகம் வந்தால், அதே மருந்தில் வேண்டுமென்றே உறையவைத்து இளகவிட்ட ஒரு குப்பியையும் சந்தேகக் குப்பியையும் சேர்த்துக் குலுக்கி மேசையில் வைத்து ஒப்பிடுவார்கள். உறைந்து இளகியதில் திரிதிரியாகப் பிரிந்து வண்டல் விரைவாக அடியில் படியும். உறையாதது வெகுநேரம் பால்போல் கலங்கியே இருக்கும். கெட்ட மருந்தைப் போட்டால் பிள்ளைக்கு உடனே ஒன்றும் ஆகிவிடாது, அதுதான் ஆபத்து. ஊசி போட்டாயிற்று என்ற நம்பிக்கையோடு, பாதுகாப்பே இல்லாமல் அந்தப் பிள்ளை வளரும்.

இரண்டாவது இடம், எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளின் பின்னால், இரண்டு ஆட்டோக்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய சந்தில், முதல் மாடியில் இருக்கிறது. பழைய வீட்டின் செங்குத்தான 17 படிகள். கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். மூத்த குழந்தை மருத்துவர் ஒருவர் நடத்துகிறார். தெருவில் எல்லாருக்கும் அவர் டாக்டரம்மாதான். அட்டையை வாங்கி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தவர், பிறந்தபோது போட்ட ஊசிக்குத் தேதியும் கையெழுத்தும் இருப்பதால் அது கணக்கில் வரும் என்றும், இடைவெளி எத்தனை ஆண்டானாலும் தொடரை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும் என்றும், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே குறைந்தது எட்டு வாரம் இருக்க வேண்டும் என்றும் நிதானமாகச் சொன்னார். எனக்கு ஓர் ஊசிக்கான பணம் மிச்சம். அதைவிட, வாடிக்கையாளர் கையில் உள்ள அட்டையை மதித்துப் படிக்கும் ஒருவரிடம் வந்திருக்கிறோம் என்ற நிம்மதி பெரிது.

முந்தைய அனுபவத்தால் வெட்கத்தை விட்டு, மருந்து எங்கே இருக்கிறது என்று பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. உதவியாளரிடம் சொல்லாமல் தானே எழுந்து பெட்டியைத் திறந்து காட்டினார். அது வீடுகளில் உள்ளதைப் போன்ற பெட்டிதான். ஆனால் அதில் தடுப்பூசியைத் தவிர ஒரு எலுமிச்சம்பழம்கூட இல்லை. நடுத்தட்டில், சுவரில் ஒட்டாமல், குப்பிப் பெட்டிகள் இடைவெளி விட்டு அடுக்கப்பட்டிருந்தன. கதவு அடுக்கில் மருந்து இல்லை. அங்கேயும் அடித்தட்டிலும் தண்ணீர் நிரப்பிய புட்டிகள் வரிசையாக நின்றன. மின்சாரம் போனால் உள்ளே இருக்கும் குளிரை அந்தத் தண்ணீர் கொஞ்சநேரம் பிடித்து வைத்திருக்கும். நடுவே ஒரு வெப்பமானி, 4.6 காட்டியது. பெட்டியின் பக்கவாட்டில் நூலில் கட்டித் தொங்கிய நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் காலை 9, மாலை 5 என்று இரண்டு நெடுவரிசைகள். விட்டுப்போன கட்டம் ஏதும் என் கண்ணில் படவில்லை. ஒரு நாளுக்கு நேரே மட்டும் சிவப்பு மையில், மின்தடை மூன்று மணி நேரம், 7.1 என்று எழுதியிருந்தது. சரியாக இல்லாத நாளையும் மறைக்காமல் எழுதிய பதிவேடுதான் நம்பத்தக்க பதிவேடு என்பது எங்கள் கிடங்குக்கு வரும் தணிக்கையாளர் அடிக்கடி சொல்வது.

ஊசி போட்ட விதத்தையும் சொல்ல வேண்டும். பதின்பருவத்தினருக்கு 0.5 மில்லி, என்னைப் போன்ற பெரியவர்களுக்கு 1 மில்லி. உறையைப் பிரிப்பதற்கு முன் மருந்தின் பெயரையும் காலாவதித் தேதியையும் என் மகளையே படிக்கச் சொன்னார். நாளை நீ இதைச் செய்ய வேண்டியவள் என்று சொல்லி, ஊசி ஏன் மேற்கையின் தசையில் போகிறது, பின்புறத்தில் போட்டால் ஏன் எதிர்ப்பாற்றல் குறைவாக வரக்கூடும், கைக்குழந்தைக்கு ஏன் தொடையின் முன்பக்கவாட்டில் போடுகிறோம் என்பதையெல்லாம் அவளுக்கு ஒரு வகுப்பாகவே நடத்திவிட்டார். பயன்படுத்திய ஊசியை மூடியால் மூடாமல் அப்படியே வெட்டும் கருவிக்குள் விட்டார். அட்டையில் தேதியோடு மருந்தின் தொகுதி (பேட்ச்) எண்ணையும் எழுதினார். வெளியில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவே இல்லை. அன்று இரவு மகளுக்குக் கை கொஞ்சம் வலித்தது, மறுநாள் கல்லூரிக்குப் போய்விட்டாள்.

அந்த அரைமணி நேரத்தில் எங்களோடு காத்திருந்த ஒரு தாய், காமாலை ஊசிதானே, எங்கள் பகுதியில் குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டது, அதனால் மகனுக்குப் போட வந்தேன் என்று சொன்னார். வடசென்னையில் மஞ்சள் காமாலை என்றாலே தண்ணீர்தான் நினைவுக்கு வரும். அதில் தவறில்லை, ஹெபடைட்டிஸ் ஏ, ஈ இரண்டும் அப்படித்தான் பரவுகின்றன. ஆனால் பி அப்படிப் பரவுவதில்லை. இரத்தத்தாலும் உடல் திரவங்களாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும், உடலுறவாலும், சுத்தம் செய்யாத ஊசி, சவரக் கத்தி, பச்சை குத்தும் கருவி, காது குத்தும் ஊசி ஆகியவற்றாலும் பரவுகிறது. உடலுக்கு வெளியே, உலர்ந்த இரத்தத் துளியிலும், குறைந்தது ஏழு நாட்கள் இந்த வைரஸ் உயிர்ப்போடு இருக்கும். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ பக்கத்தில் உட்கார்ந்து படிப்பதாலோ வருவதில்லை. டாக்டரம்மா அந்தத் தாய்க்கு இதை விளக்கி, ஏ-க்கும் பி-க்கும் ஊசிகள் தனித்தனி என்று சொல்லி, அன்றைக்கு எது தேவை என்பதை அட்டையைப் பார்த்து முடிவு செய்தார். இரண்டையும் அன்றே போட்டுவிடுங்கள் என்று சொல்லியிருந்தால் அந்தத் தாய் மறுத்திருக்க மாட்டார்.

பதின்பருவத்துப் பிள்ளைகளைப் பற்றி அவர் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. கையில் நங்கூரமோ பெயரோ பச்சை குத்திக்கொள்ளாத பையனைக் காசிமேட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும். திருவிழாக் கடையில், ஒரே ஊசியை ஒரே மைக்கிண்ணத்தில் தோய்த்துத் தோய்த்து வரிசையாகக் குத்துவதை நானே பார்த்திருக்கிறேன். என் பெரியப்பா மகன் அண்ணன் ஒருவர் 41 வயதில் கல்லீரல் சுருக்க நோயால் இறந்தார். கடைசி ஆண்டில் வயிற்றில் நீர் கோத்த பிறகுதான் அவருக்கு ஹெபடைட்டிஸ் பி இருப்பது தெரிந்தது. அதுவரை ஒருநாளும் கண் மஞ்சளானதில்லை. இந்தத் தொற்றின் இயல்பே அது. பிறப்பிலோ முதல் ஆண்டிலோ தொற்றினால் 100 பிள்ளைகளில் சுமார் 90 பேருக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. பெரியவரான பிறகு தொற்றினால் 100-ல் 5 பேருக்கும் குறைவாகத்தான் தங்குகிறது. சிறு வயதில் நுழைந்தது அறிகுறியே இல்லாமல் இருபது முப்பது ஆண்டுகள் இருந்து, பிறகு கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ல் உலகில் 25.4 கோடிப் பேர் இந்த நாட்பட்ட தொற்றோடு வாழ்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 3 கோடிப் பேர் இந்தியாவில்.

அண்ணனைப் பற்றிச் சொன்னதும், நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டரம்மா. ஒரே வீட்டில் வளர்ந்தோம், ஒரே சவரக்கத்தியைப் பயன்படுத்தியிருக்கிறோம். பரிசோதனைக்குப் போன இரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஒரு சங்கடம் நேர்ந்தது. முடிவு வாங்கப் போனபோது, பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் அறையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னிருந்த பெண், என் பெயரைச் சொல்லி, “ஹெபடைட்டிஸ் நெகட்டிவ் சார், பயப்படாதீங்க” என்று உரக்கக் கூவினார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அவருடைய அடுத்த தாளில் நெகட்டிவ் என்று இல்லாமல் இருந்தால் என்ன செய்வார்? பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஒரு பிள்ளையின் தாளாக அது இருந்தால், மாலைக்குள் தெரு முழுவதும் தெரிந்துவிடும். தட்டைத் தனியாக வைப்பதும், பெஞ்சைத் தனியாகப் போடுவதும் மறுநாளே தொடங்கிவிடும். டாக்டரம்மாவின் அறையில் பரிசோதனை முடிவைப் பேசும்போது கதவைச் சாத்திவிடுகிறார்கள். தொற்று உறுதியான பிள்ளைகளை அவர் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கல்லீரல் பிரிவுக்குக் கடிதம் கொடுத்து அனுப்புகிறார். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம் என்பதால், தனியார் கடையில் மாதாமாதம் வாங்கிக் கட்டுப்படியாகாமல் பாதியில் நிறுத்துவதைவிட அதுவே நல்லது என்பது அவர் கருத்து.

இவ்வளவுக்கும் நடுவில் என் அம்மா, கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தால் போகிற விஷயத்துக்கு இத்தனை ஊசியா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இதைச் சொல்லி டாக்டரம்மாவிடம் சிரித்தபோது, அவர் சிரிக்கவில்லை. இதே ஊரில் நடந்த ஆராய்ச்சி அது என்றார். 1960-களில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் இந்த வைரசின் மேலுறைப் புரதத்தைக் கண்டறிந்து, 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினரோடு சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்திருக்கிறார். 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அந்த ஆய்வில், கீழாநெல்லித் தூள் கொடுத்த 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து அந்தப் புரதம் மறைந்தது. ஒப்பிடுவதற்காக வெற்று மருந்து (மருந்துச் சத்தே இல்லாதது) பெற்ற 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. ஆகவே இன்றைக்கு அதை நம்பி மாத்திரையை நிறுத்தவோ தடுப்பூசியை ஒதுக்கவோ முடியாது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். நோபல் பரிசு வாங்கியவரே கீழாநெல்லியைத் தேடி மெட்ராசுக்கு வந்தாரா என்று கேட்டார். மற்றது அவர் காதில் ஏறவில்லை.

மூன்றாவது இடம் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். தண்டையார்பேட்டைப் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். தங்கைக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் தொடையில் ஹெபடைட்டிஸ் பி பிறப்புத் தவணை, அதோடு காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, மூன்றும் போட்டு, கர்ப்பகால அட்டையில் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். இந்த 24 மணி நேரத்துக்குப் பொருள் இருக்கிறது. தாய்க்குத் தொற்று இருந்து, பிரசவத்தில் குழந்தைக்குள் வைரஸ் நுழைந்திருந்தாலும், அது நிலைகொள்வதற்கு முன்பே எதிர்ப்பாற்றலைக் கிளப்பிவிடுவதற்கான பந்தயம் அது. தாய்க்குத் தொற்று உறுதியாகியிருந்தால் குழந்தைக்கு ஆயத்த எதிர்ப்பாற்றலைத் தரும் இம்யூனோகுளோபுலின் என்ற இன்னோர் ஊசியும் சேர்த்துப் போடுவார்கள், தாய்ப்பாலைத் தடுப்பதில்லை.

தங்கையின் புகுந்த வீடு எண்ணூர். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள் இங்கேயே மூன்று மாதம் தங்கியதால், ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத் தடுப்பூசிகளுக்கு இந்த நிலையத்துக்கே போனோம். எண்ணூர் ஆளுக்கு இங்கே போடுவார்களோ என்ற தயக்கம் வீணானது. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு கொடுக்கும் பிக்மி எண்ணைச் சொன்னதும் செவிலியர் கைபேசியில் விவரத்தை எடுத்துவிட்டார். புதன்கிழமை தடுப்பூசி நாள். மருந்து இருந்த நீலப் பெட்டியைச் சுற்றி நான் நோட்டமிடுவதைப் பார்த்த செவிலியர், என்ன சார் பார்க்கிறீங்க என்று கேட்டு, பெட்டிக்குள் வைக்கும் ஐஸ் பையைப் பற்றி எனக்கு ஒரு செய்தி சொன்னார். ஐஸ் பையை உறையறையிலிருந்து எடுத்த உடனே பெட்டியில் வைக்கக் கூடாது. வெளியில் வைத்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்கும் வரை காத்திருந்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் குப்பி உறைந்துவிடும். ஐஸோடு 22 ஆண்டு குடும்பம் நடத்திய எனக்கு இது புதிது. குப்பியின் மேல், திறந்த தேதியும் நேரமும் பேனாவால் எழுதியிருந்தது. சிறு வட்டமும் அதற்குள் வெப்பம் பட்டால் நிறம் மாறும் ஒரு சதுரமும் இருந்தன; சதுரம் வட்டத்தை விட வெளிறி இருக்கும் வரை மருந்தைப் பயன்படுத்தலாம். அந்த வட்டம் வெப்பத்தைத்தான் காட்டிக்கொடுக்கும், உறைந்ததைக் காட்டிக்கொடுக்காது என்பதையும் அவரே சொன்னார்.

இந்த வாரங்களில் போடுவது பென்டா என்று அவர்கள் சுருக்கமாகச் சொல்லும் ஐந்து நோய்த் தடுப்பூசி: தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரணஜன்னி, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் உண்டாக்கும் ஹிப் கிருமி, ஹெபடைட்டிஸ் பி ஆகிய ஐந்துக்கும் ஒரே ஊசி. இந்தியாவில் இது முதன்முதலில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கப்பட்டது. முற்றிலும் இலவசம். வேலையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, ஆள்பலத்தில்தான் குறை. ஒரே செவிலியர் பதிவேட்டில் எழுதி, கைபேசியில் ஏற்றி, ஊசி போட்டு, அடுத்த தேதியையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கைபேசியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தபோது முப்பது குழந்தைகள் வரிசையில் அழுதன. ஊசிக்குப் பிறகு அரைமணி நேரம் இருக்கச் சொல்கிறார்கள். உட்கார இருப்பதோ நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். மழைக்காலத்து ஒரு புதன்கிழமை தங்கை பிள்ளையோடு தாழ்வாரத்தின் தூணில் சாய்ந்து நின்றாள். எட்டரைக்குப் போனால் ஒன்பதரைக்கு வெளியே வரலாம், பத்து மணிக்குப் போனால் மதியச் சோறு தாமதமாகும்.

ஆனால் இந்தச் சேவையின் எல்லை எனக்குப் புரிந்தது, மகளின் அட்டையையும் அங்கே நீட்டியபோதுதான். செவிலியர் உண்மையிலேயே வருத்தத்தோடு, பெரிய பிள்ளைகளுக்கு எங்களிடம் கிடையாது சார் என்றார். பிறப்புத் தவணை 24 மணி நேரத்துக்குள். பென்டாவை ஒரு வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். அதைத் தாண்டியவர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிக்கு அங்கே வழியில்லை. இந்த நாட்டில் இந்தத் தடுப்பூசி 2002-03-ல் சில மாவட்டங்களிலும் நகரங்களிலும் முன்னோட்டமாகத் தொடங்கி, 2007-08-ல் பத்து மாநிலங்களுக்கு விரிந்து, 2011-12-ல்தான் நாடு முழுவதும் வந்தது. அந்த இடைக்காலத்தில் பிறந்தவர்கள்தான் இன்று பள்ளி இறுதியிலும் கல்லூரியிலும் இருக்கிறார்கள். பச்சை குத்திக்கொள்ளும் வயதிலும் இருக்கிறார்கள். இந்தத் தடுப்பூசியை 1997-ல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இந்தியாவிலேயே செய்து விலையை அடியோடு இறக்கியது. மருந்து விலை உயர்ந்த காலம் போய்விட்டது; பத்தாம் வகுப்பில் ஒருநாள் அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, விடுபட்டவர்களுக்குப் பள்ளியிலேயே போட்டுவிடுவது மாநகராட்சிக்கு முடியாத காரியமா என்பது என் ஆற்றாமை. சுகாதார நிலையத்துக்கு நான் மதிப்பெண் குறைத்தால் அது இந்த ஒன்றுக்காகத்தான், அதுவும் அங்கே உட்கார்ந்திருக்கும் செவிலியரின் கணக்கில் எழுதக் கூடாதது.

டாக்டரம்மாவின் மருத்துவமனையிலும் குறைகள் உண்டு. அந்த 17 படிகளில் முழங்கால் வலிக்காரர் ஏற முடியாது. குழந்தை வண்டியைக் கீழேயே விட வேண்டும். தொலைபேசியில் நேரம் ஒதுக்கும் வழக்கம் இல்லை, போய் வரிசையில் உட்கார வேண்டும். மகளின் மூன்றாவது தவணை அக்டோபர் இரண்டாம் வாரத்தில், தீபாவளிக் கூட்டத்தில் விழுந்தது. எம்.சி. ரோட்டில் கால் வைக்க இடமில்லாமல், வண்டியை மெட்ரோ நிலையத்தருகே விட்டுவிட்டு நடந்து போய்ச் சேர்ந்தால், பெரியவர்களுக்கான 1 மில்லி மருந்து தீர்ந்துவிட்டது என்று என்னை வேறு நாள் வரச் சொன்னார்கள். எனக்குச் செப்டம்பரில் போட வேண்டிய இரண்டாவது தவணையை நானே தள்ளிப்போட்டிருந்தேன் என்பதால் சண்டைக்குப் போக முகமில்லை. கட்டணம் நியாயமானது: மருந்தின் விலை, அதோடு ஊசி போட 100 ரூபாய், மூன்றாவது தவணைக்கு ஆலோசனைக் கட்டணம் கேட்கவே இல்லை. ரசீதில் தொகுதி எண் இருக்கிறது. பணமாகத்தான் கொடுக்க வேண்டும், கைபேசியில் செலுத்த வழியில்லை.

டிசம்பரில், மூன்றாவது ஊசி போட்டு இரண்டு மாதம் நிறைவதற்குள், மகளின் எதிர்ப்பாற்றல் அளவைப் பரிசோதித்தோம். 10 அலகு இருந்தாலே பாதுகாப்பு என்று கொள்கிறார்கள். அவளுக்கு 312 வந்தது. பொதுவாகப் பிள்ளைகளுக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை, நூற்றுக்கு 95 பேருக்கு மேல் மூன்று தவணையில் பாதுகாப்பு வந்துவிடும். இரத்தத்தோடு பழகப்போகும் தொழில் என்பதால்தான் கல்லூரி கேட்கிறது என்றார் டாக்டரம்மா. இந்த முறை முடிவை வாங்க வேறொரு பரிசோதனை நிலையத்துக்குப் போனோம். தாளை மடித்து உறையில் போட்டுக் கொடுத்தார்கள். தங்கை பிள்ளைக்கு டிசம்பர் கடைசிப் புதனோடு பென்டா மூன்றும் முடிந்து எண்ணூருக்குப் போய்விட்டான்.

என்னுடைய மூன்றாவது தவணைக்கு இன்னும் சில மாதம் இருக்கிறது. போன வாரம் எங்கள் தெருவில் கம்பி அறுந்து ஐந்து மணி நேரம் மின்சாரம் இல்லை. அந்தச் சந்துக்கும் அதே இணைப்புதான். அடுத்த முறை படியேறும்போது, அந்த நோட்டுப் புத்தகத்தில் அன்றைய கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.